பருந்து மேல் ஒரு பொய் வழக்கு

அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டங்களில் வழக்கமாக மூன்று விஷயங்களுக்குத்தான் சண்டை நடக்கும். தண்ணீர் லாரிக் கணக்கு, கார் நிறுத்தும் இடம், யார் வீட்டு நாய் லிஃப்ட்டில் அசிங்கம் செய்தது. இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பருந்து.

தென்சென்னையில் என் நண்பர் குடியிருக்கும் வளாகத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். கட்டடம் வருவதற்கு முன்பிருந்தே நிற்கிற மரம். அதன் உச்சிக் கிளையில் பருந்துக் கூடு. கீழே பத்துப் பன்னிரண்டு வீடுகளில் பூனை வளர்க்கிறார்கள். 'நம் செல்லங்களின் உயிருக்கு ஆபத்து. கூட்டைக் கலைத்துக் கிளையை வெட்ட வேண்டும்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆரம்பித்து வைக்க, கையெழுத்து வேட்டை மும்முரமாக நடக்கிறது. இதுவரை அந்த வளாகத்தில் பருந்து தூக்கிக்கொண்டு போன பூனைகள் எத்தனை? பூஜ்யம். அப்புறம் என்ன ஆபத்து? 'வீடியோவுல பார்த்தோமே சார்!'

நண்பர் போனில் கேட்டார். "நீங்க சொல்லுங்க. பருந்து பூனையைத் தூக்குமா, தூக்காதா?"

தூக்காது.

ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிட்டது. ஆனால் இதோடு விட எனக்கு மனசில்லை. காரணம், இந்த வார்த்தையை யாரும் கேட்கப் போவதில்லை. பயம் ஒன்று கிளம்பிவிட்டால் கூடு போகும், கிளை போகும், கடைசியில் மரமே போகும். எனவே வழக்கை முறைப்படி விசாரித்துவிடலாம்.

முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் எடை. நம் ஊர்த் தோட்டங்களிலும் மொட்டை மாடிகளிலும் தென்படுகிற வேட்டைப் பறவைகள் நாலைந்துதான். வானத்தில் வட்டமடிக்கும் பருந்து, இறக்கையை விரித்தால் நாலரை அடி, ஐந்து அடி வரும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தராசில் வைத்தால் முக்கால் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். ஒரு கிலோவைத் தொட்டால் அது பருந்துகளில் பயில்வான். மிச்சமெல்லாம் இறகும் காற்றும். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்புமாக வரும் செம்பருந்து அரைக் கிலோ. மாமரத்தில் ஒளிந்திருந்து அணிலையும் ஓணானையும் பிடிக்கிற வல்லூறு, பேர்தான் பயங்கரம். ஆள் புறாவைவிடச் சின்னது. எடை 200 கிராமைச் சுற்றி. ராத்திரியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கத்தும் கூகை அரைக் கிலோவைத் தாண்டினால் அதிகம். புள்ளி ஆந்தை நூறு, நூற்றிருபது கிராம். உங்கள் செல்போனைவிடக் கொஞ்சம் குறைவு.

இப்போது பூனை. சாதாரண நாட்டுப் பூனை மூன்று, நாலு கிலோ. வெளிநாட்டுப் பேர் வைத்த பஞ்சு மூட்டைப் பூனை என்றால் இன்னும் கூட. பறக்கிற ஒரு பிராணி தன் எடையில் பாதியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாலே பெரிய விஷயம். முக்கால் கிலோப் பருந்து நாலு கிலோப் பூனையைத் தூக்குவது, நீங்கள் ஒரு கல்யாண மண்டப ஃபிரிட்ஜைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது மாதிரி. பூனை ஒன்றும் செய்யாமல் சமர்த்தாக இருந்தாலே இந்த நிலைமை. அது சமர்த்தாக இருக்குமா? நாலு காலிலும் நகம், வாயில் பல். பறவைக்கு இறக்கையில் ஓர் எலும்பு முறிந்தால் போதும், அடுத்த வேளைச் சாப்பாடு கிடையாது. வேட்டைப் பறவைகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அசோசியேஷன் செயலாளருக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்று. பருந்து பெரும்பாலும் வேட்டைக்காரப் பறவையே இல்லை, பொறுக்கித் தின்கிற பறவை. மீன் மார்க்கெட் கழிவு, கறிக்கடைக் குப்பை, ரோட்டில் அடிபட்டுச் செத்த எலி, இதுதான் அதன் மெனு. கோழிக்குஞ்சைத் தூக்கும், உண்மை. கையில் வைத்திருக்கும் வடையைப் பிடுங்கும், அதுவும் உண்மை. கோழிக்குஞ்சையும் வடையையும் தூக்குகிறவன் மேல் ஆள் கடத்தல் வழக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

*

அப்படியானால் ஆபத்து அறவே இல்லையா? எதிர்த்தரப்பு வக்கீலின் நியாயமான கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பிறந்த பூனைக்குட்டி நூறு கிராம்தான் இருக்கும். ஒரு மாசத்தில் நானூறு கிராம். கண் திறக்காத குட்டியைத் திறந்த மொட்டை மாடியில் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தால் பருந்து தூக்கும். பருந்துக்கு முன்னால் காக்கா வந்து கொத்தும். காக்காவுக்கு முன்னால் ஏப்ரல் வெயில் கொன்றுவிடும். அந்த வயதுக் குட்டியை வெட்டவெளியில் விட்டவர் மேல்தான் வழக்கு வர வேண்டும். இரண்டு மாசம் ஆகி முக்கால் கிலோவைத் தாண்டிய குட்டியைத் தோட்டத்துப் பறவை எதுவும் தூக்கிக்கொண்டு போகாது.

பாறைக் குன்றுகளும் மலையடிவாரமுமாக இருக்கும் இடங்களில் கொம்பன் ஆந்தை உண்டு. ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், முயலை அடிக்கும் பறவை. ராஜாளிக் கழுகும் அப்படித்தான். மலையோரம் தோட்ட வீடு வைத்திருப்பவர்கள் சின்னக் குட்டிகளைப் பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அங்கே சிறுத்தையும் வரும் என்பதால், குட்டியோடு நீங்களும் உள்ளே போவது இன்னும் புத்திசாலித்தனம். ஆனால் வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் வாழ்கிறவர்கள் கொம்பன் ஆந்தைக்குப் பயப்படுவது, கூவம் ஆற்றில் திமிங்கிலத்துக்குப் பயப்படுவது மாதிரி.

பருந்து தலையில் தட்டிவிட்டுப் போகிறதே என்கிறார்கள். ஆமாம், தட்டும். கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் சில வாரங்களுக்குத்தான். மரத்தில் ஏறிக் கூட்டுப் பக்கம் போகிற பூனையையும் விரட்டி அடிக்கும். உங்கள் குழந்தை இருக்கும் அறைக்குள் ஒருவன் ஜன்னல் வழியாக ஏறி வந்தால் நீங்கள் காபி கொடுப்பீர்களா? இதில் நமக்கும் பங்கு உண்டு. டெல்லிப் பருந்துகளைப் பற்றி 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. எங்கே குப்பை அதிகமோ, எங்கே மனிதர்கள் பருந்துக்கு இறைச்சித் துண்டுகளைத் தூக்கிப் போட்டுப் பழக்கியிருக்கிறார்களோ, அங்கேதான் கூட்டைக் காக்கிற பருந்துகள் மனிதர்களைத் துணிச்சலாகத் தாக்குகின்றன என்று தெரியவந்தது. குப்பைத் தொட்டியை மூடாதது நாம், பழி பருந்து மேல்.

இனி, அந்த வீடியோ சாட்சியம். 2012 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியல் நகரப் பூங்கா ஒன்றில் கழுகு ஒரு குழந்தையைக் கொத்தித் தூக்கும் வீடியோ உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது கம்ப்யூட்டர் அனிமேஷன் படிக்கிற மாணவர்கள் செய்த வேலை. கழுகும் கம்ப்யூட்டர், தூக்கும்போது குழந்தையும் கம்ப்யூட்டர். அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதை எத்தனை பேர் பார்த்தார்கள்? பொய் ஃபார்வர்ட் ஆகும், திருத்தம் ஃபார்வர்ட் ஆகாது. இன்றைக்கு அந்த மாணவர்களின் உழைப்புகூடத் தேவையில்லை. ஏஐயிடம் 'பருந்து பூனையைத் தூக்குவது போல் ஒரு காட்சி' என்று கேட்டால் போதும், சில நிமிடங்களில் தந்துவிடும். அதை நம்பி நிஜ மரத்தை வெட்டுகிறோம்.

*

சரி, வீட்டுப் பூனையைக் கொல்வது எது? பூனை மேல் இவ்வளவு அக்கறை இருக்கிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

முதல் எதிரி ரோடு. இரண்டாவது தெருநாய். மூன்றாவது, தடுப்பூசி போட்டால் தடுத்துவிடக் கூடிய நோய்கள். பன்லூக்கோபீனியா என்று ஒன்று, வாந்தியும் பேதியுமாக வந்து சில நாட்களில் குட்டியைக் கொண்டுபோய்விடும். தடுப்பூசிக்கு ஆகும் செலவு, பூனையின் புகைப்படத்துக்காக வாங்கிய பட்டு மெத்தையின் விலையைவிடக் குறைவு. ரேபிஸ் ஊசியும் போட வேண்டும். பூனை கடித்தாலும் ரேபிஸ் வரும்.

நாலாவது, பால்கனி. மாடியில் பூனை வளர்க்கிறவர்கள் வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், கீழே பார்ப்பதில்லை. நியூயார்க்கில் ஒரே கால்நடை மருத்துவமனைக்கு ஐந்து மாதத்தில் 132 பூனைகள் மாடியிலிருந்து விழுந்து வந்து சேர்ந்தன என்று 1987-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பத்தில் ஒன்பது பிழைத்துக்கொண்டன என்பது பூனையின் சாமர்த்தியம். தாடை உடைந்து, நெஞ்சு அடிபட்டுப் பிழைத்தன என்பது மிச்சக் கதை. பால்கனிக்கு வலை அடியுங்கள் என்றால், 'வியூ போயிடும் சார்' என்பார்கள்.

ஐந்தாவது, நம் வீட்டு மருந்துப் பெட்டி. பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து அரை பாராசிட்டமால் கொடுக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். நம்மை எழுப்பி உட்கார வைக்கிற அதே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதன் உடம்பில் அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது. நாய்க்கு உண்ணி போக்கத் தடவுகிற பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம். எலிக்கு வைத்த விஷம், அந்த எலியைத் தின்ற பூனைக்கும் விஷம். இந்தப் பட்டியலில் பருந்து எங்கேயாவது வருகிறதா? தேடிப் பாருங்கள். கடைசி வரிக்கு அப்புறம் அடிக்குறிப்பில் வேண்டுமானால் வரலாம்.

ஆறாவதாக ஒன்று சொன்னால் கோபம் வரும். பூனையை வாங்குகிறவர்கள். குளிர் நாட்டுக்கான முடியோடு பிறந்த பாரசீகப் பூனையை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வந்து, முடி கொட்டுகிறது, குழந்தைக்குத் தும்மல் வருகிறது, அமெரிக்கா போகிறோம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாக மீன் மார்க்கெட் வாசலில் விட்டுவிட்டு வருகிறவர்கள். அந்தப் பூனைக்கு அன்றைக்குத்தான் ஆபத்து ஆரம்பமாகிறது.

*

இப்போது வழக்கைத் திருப்பிப் போடுகிறேன். பறவையால் பூனைக்கு ஆபத்து இருக்கட்டும். பூனையால் பறவைக்கு?

அமெரிக்காவில் 2013-ல் விஞ்ஞானிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். வெளியே திரியும் பூனைகள் அந்த நாட்டில் மட்டும் வருஷத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன. இதில் பெரும்பங்கு சொந்தக்காரர் இல்லாத பூனைகளின் வேலை. அதாவது, யாரோ ஒரு காலத்தில் வாங்கி, யாரோ ஒரு நாள் கைவிட்ட பூனைகளின் வம்சம். நியூசிலாந்துக்குப் பக்கத்தில் ஸ்டீஃபன்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1890-களில் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள், பூனைகளும் போய்ச் சேர்ந்தன. பறக்கத் தெரியாத ஒரு குட்டிக் குருவி இனம் அங்கே இருந்தது. விஞ்ஞானிகள் அதற்குப் பேர் வைத்த சூட்டோடு சூடாக, சில வருஷங்களில் இனமே ஒழிந்துவிட்டது. ஒரே ஒரு பூனை இதைச் செய்ததாகக் கதை சொல்வார்கள். அது கதை. பல பூனைகள் சேர்ந்து செய்தன. குருவிக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னதும் பூனையை விரட்டச் சொல்கிறேன் என்று கடிதம் போடாதீர்கள். பூனை தன் இயல்பில் இருக்கிறது. பசி இல்லாவிட்டாலும் அசைகிறதைப் பிடிக்கும். பொறுப்பு வளர்க்கிறவருக்கு. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே, இங்கிலாந்தில் நிஜமாகவே கட்டிப் பார்த்துவிட்டார்கள். கழுத்தில் மணி கட்டிய பூனைகள் பிடித்துவந்த பறவைகள் 41 சதவிகிதம் குறைவு என்று 2005-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு 2021-ல் இன்னும் சுலபமான வழி சொன்னது. தினம் ஐந்து, பத்து நிமிஷம் பூனையோடு விளையாடினால், அது வீட்டுக்குப் பிடித்து வரும் பிராணிகள் கால் பங்கு குறைகின்றன. இறைச்சிச் சத்து நிறைந்த சாப்பாடு போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. ஆக, வாட்ஸ்அப்பில் பருந்தைத் திட்டுகிற பத்து நிமிஷத்தை உங்கள் பூனையோடு செலவழித்தால் பூனைக்கும் நல்லது, தோட்டத்துத் தவிட்டுக் குருவிக்கும் நல்லது.

*

எனக்கு இதில் ஆத்திரம் வருவது இரட்டை வேஷத்தால்தான். கோயில் கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே செம்பருந்து வட்டமிட்டால், 'கருடன் வந்துட்டார்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே கருடன் நம் வளாகத்து மரத்தில் குடித்தனம் வைத்தால் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். தெய்வம் வந்து தரிசனம் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. ஆந்தை கத்தினால் சாவு வரும் என்று கல்லெடுத்து அடிக்கிறோம். அந்த ஆந்தை ராத்திரியில் தின்றது நம் வீட்டு எலியை.

இந்தப் பறவைகள் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில், இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் ஆயிரத்துக்கு 999 காணாமல் போயின. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தபோது கிட்டத்தட்ட எல்லாம் முடிந்திருந்தது. கழுகு இல்லாத ஊரில் செத்த மாடு அழுகியது, தண்ணீர் கெட்டது, நாய்கள் பெருகின. இதனால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் கணக்கிட்டு எழுதினார்கள். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளைப் பொங்கலுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் தொண்ணூறுகளின் கடைசியில் வருவதை நிறுத்திக்கொண்டன. ஊர்ப் பேரில் மட்டும் கழுகு இருக்கிறது.

பருந்து அந்தக் கழுகுகளுக்குத் தம்பி மாதிரி. கறிக்கடைக் கழிவையும் செத்த எலியையும் சம்பளம் வாங்காமல் அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளி. டெல்லியில் நதீம், சவூத் என்ற சகோதரர்கள் காற்றாடி மாஞ்சா நூலில் அறுபட்டு விழுகிற பருந்துகளுக்கு வைத்தியம் பார்த்துவருகிறார்கள். அவர்கள் ஆரம்பித்த காலத்தில், கறி தின்கிற பறவை என்பதால் பருந்துக்கு வைத்தியம் பார்க்க மறுத்த இடமும் உண்டு. அவர்கள் கை பட்ட பறவைகள் இருபதாயிரத்துக்கு மேல். 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்ற ஆவணப்படமாக 2022-ல் அவர்கள் கதை வெளிவந்தது, 2023-ல் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. அப்போது நாமும் பெருமையாக ஸ்டேட்டஸ் போட்டோம். இப்போது அதே கையால் கையெழுத்து இயக்கமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பருந்து, வல்லூறு, ஆந்தை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பறவைகள். முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டையாடுவதற்குச் சமம். செயலாளர் தீர்மானம் போட்டுவிட்டார் என்பது கோர்ட்டில் பதிலாகாது. நாற்பது கையெழுத்து இருந்தால் நாற்பது பேருக்கும் பங்கு.

ஆகவே அசோசியேஷன் நிர்வாகிகளுக்கு நான் சொல்வது இதுதான். கூட்டை மூன்று மாசம் சும்மா விடுங்கள். குஞ்சுகள் பறந்துபோகும், தாயும் தலையில் தட்டுவதை நிறுத்திவிடும். அதுவரை அந்த மரத்தடியில் நடக்கிறவர்கள் குடை பிடித்துக்கொள்ளலாம். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். கிளை வெட்ட ஒதுக்கிய பணத்தில் பால்கனிகளுக்கு வலை வாங்குங்கள். பூனை வைத்திருக்கும் வீடுகளில் யார் யார் தடுப்பூசி போட்டார்கள், யார் கருத்தடை செய்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து அதையும் வாட்ஸ்அப்பில் போடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நானும் பார்க்கிறேன்.